காணாமல் போன ஏழு கண்ணிகள்

ஆயிரம் கதிர் ஓடும் நூற்பு மிஷினைக் காதால் கேட்டே பழுது சொல்லிவிடும் ஃபிட்டர் ஈஸ்வரமூர்த்திக்கு, ஒற்றைக் குரோஷா ஊசி பிடிபடவில்லை. மனைவி சண்முகப்பிரியாவுக்கு வால்பாறைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது, நாளைக்குப் பயணம். “போக வேண்டாம்” என்று ஒரு மாதமாக முறைத்துக்கொண்டு திரிந்தவர், சமாதானமாகக் காதை மூடும் கம்பளித் தலைப்பட்டை ஒன்று பின்ன உட்கார்ந்திருந்தார். வரிசைக்கு இருபது நூல் கண்ணி என்று தொடங்கியது இப்போது பதின்மூன்றில் நின்றது. நான்கு முறை எண்ணினார். மிச்சம் ஏழு கண்ணியையும் யார் தூக்கிக்கொண்டு போனது?

“ஒவ்வொரு வரிசைலயும் கடைசிக் கண்ணிய உட்டுப்போட்டீங்க. இது என்ற காதுக்குங்களா, கன்னுக்குட்டி வாலுக்குங்களா?” என்றாள் சண்முகப்பிரியா.

“நீயே சரி பண்ணிப்போடு அம்மணி.”

அவளுக்கு அது அரைமணி நேர வேலை. ஆனால் அவள் நூலைப் பிடித்து இழுத்தாள். மொத்தமும் பிரிந்து மடியில் விழுந்தது.

“மொதல்லருந்து போடுங்க. பின்னி முடிச்சுப்போட்டு, ஞாயித்துக்கெழம வால்பாறைக்கு நீங்களே கொண்டாங்க.”

ஈஸ்வரமூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது தண்டனையா, அழைப்பா? வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்கக்கூடியவர் அவர். அவள் முகத்தைப் பார்த்தால் சிரிப்பும் தெரிந்தது, கண் கலங்கியதும் தெரிந்தது.

“ஏனம்மணி,” என்றார் குழப்பத்தோடே, “மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?”