பச்சை காட்டிய பாலம்

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது என்று சாலைப் பொறியாளர் போனில் கத்தினார். அவள் முன்னால் இருந்த திரையில் அதே பாலம் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் தாராளமாகப் போகலாம்.

"சார், நீங்க சிவப்புக்கு மாத்தினீங்களா?"

"எத்தனை தடவைம்மா மாத்துறது? அழுத்தினா ஏதோ பிழைன்னு வருது. வெளியில பாத்தா பச்சையாவே நிக்குது. நான் நிக்கிற கரையில தடுப்பு போட்டாச்சு. எதிர்க்கரைக்குப் போக வழியில்ல, அங்க ஒரு ஈ காக்கா கிடையாது. உங்க சைட்டை நம்பி எவனாவது வந்தான்னா நேரா தண்ணிக்குள்ளதான்."

சாலைத்துறையின் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்று காட்டும் இணையதளம் அதில்தான் ஓடியது. மற்ற நாட்களில் அதைச் சீண்ட ஆளிருக்காது. மழை பிடித்துக்கொண்டதிலிருந்து வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருகினார்கள்.

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டாள். துளி இடமில்லை என்று பதில் வந்தது.

விஷயம் அவளுக்கு உடனே பிடிபட்டது. தளத்துக்கு வந்துபோகும் ஒவ்வொருவரையும் சர்வர் நிரல் ஒரு லாக் கோப்பில் குறித்து வைக்கும். கூட்டம் பெருகப் பெருக அந்தக் கோப்பு ஊதி, டிஸ்க் முழுவதையும் விழுங்கியிருந்தது. பொறியாளர் அனுப்பும் சிவப்பை எழுதிவைக்க இடமில்லை. ஏற்கெனவே இருந்த பச்சையைப் படித்துக் காட்டுவதற்கோ இடமே தேவையில்லை. ஆகவே தளம் எந்தச் சுணக்கமும் இல்லாமல், ஜோராக, காலை நிலவரத்தையே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

லாக் கோப்பை அழித்தாள். மறுபடி கேட்டாள். அப்போதும் துளி இடமில்லை.

"சர்வர் இன்னும் அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. பேரைத்தான் அழிச்சேன், ஃபைல் உள்ள அப்படியே இருக்கு" என்றாள் பக்கத்து மேஜையைப் பார்த்து. "நிறுத்திட்டுத் திரும்ப ஓட்டினாத்தான் விடும்."

பக்கத்து மேஜையில் இருந்தவனுக்குத் தாடி என்று பெயர். கல்யாணத்துக்காகத் தாடியை மழித்து வெகுநாளாகியும் பெயர் மட்டும் உதிரவில்லை. அவன் இப்போது பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, திட்டாதீங்க."

"என்ன பண்ணே?"

"நீங்க போன்ல இருந்தப்போ, லாக் எழுதுறதையே நிறுத்திடலாம்னு கான்ஃபிக் ஃபைலைத் திறந்து திருத்தினேன். சேவ் கொடுத்தேன். இடமில்லன்னுடுச்சு. இப்பத் திறந்து பாத்தா..."

"காலியா இருக்கா?"

தலையை ஆட்டினான்.

எந்த வாசலில் நின்று யாருக்கு எதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் கோப்பு அது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், கிளம்பும்போது படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. நிறுத்தினால் மறுபடி எழுந்திருக்காது.

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே வந்தார். சட்டை தோள்வரை நனைந்திருந்தது.

"மேலேர்ந்து போன் மேல போன். ஊரே நம்ம சைட்டைத்தான் நம்பியிருக்கு. எது நடந்தாலும் சைட் மட்டும் விழுந்துடக் கூடாது, சரியா?"

"சார், சைட் தப்பாக் காட்டுது. தரைப்பாலம் முழுகிடுச்சு, நாம பச்சைங்கிறோம்."

"மாத்துங்க."

"மாத்த முடியல. முதல்ல நிறுத்தணும். நிறுத்தினா திரும்ப வர எவ்வளவு நேரமாகும்னு சொல்ல முடியாது."

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "ஒரு பாலத்துக்காக எல்லாத்தையும் நிறுத்துறதா? மத்த ரோடெல்லாம் சரியாத்தானே காட்டுது? ஜனங்க பதறிடுவாங்கம்மா. நிறுத்தாம ஏதாவது வழி பாருங்க."

வழி இருக்கலாம். நிதானமாக உட்கார்ந்து தேடினால் இரண்டு மூன்று கூட அகப்படும். அவள் விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. ஆனால் மனம் வேறெங்கோ ஓடிவிட்டது. எதிர்க்கரை. அந்தக் கரையில்தான் டயாலிசிஸ் கிளினிக். அவள் தம்பி அங்கே வேன் ஓட்டுகிறான். சிகிச்சை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக இறக்கிவிடுவது அவன் வேலை.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவன் போனை எடுக்க மாட்டான். எடுக்கக் கூடாது என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவளே அவள்தான்.

கிளினிக்குக்குப் போட்டாள். நர்ஸ் எடுத்தாள்.

"வேன் இப்பத்தான் கிளம்பிச்சு மேடம். எல்லாரும் ரொம்பக் களைச்சுப்போயிட்டாங்க, பெரிய பாலம் சுத்துன்னு தரைப்பாலம் வழியா எடுத்துட்டுப் போறேன்னார். சைட்ல பச்சையா இருக்குன்னு எங்கிட்டயே காட்டினாரே."

"வண்டியில இருக்கிறவங்க யாருக்காவது போன் போடுங்க. திரும்பச் சொல்லுங்க. உடனே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே தம்பியின் போன் எப்போதும் தளத்தைக் காட்டியபடி நிற்கும். தானாகவே புதுப்பித்துக்கொண்டும் இருக்கும். அவன் கண்ணில் படப்போவது அது ஒன்றுதான்.

"நிறுத்துறேன் சார்" என்றாள்.

"ஏம்மா, நான் சொல்றது காதுல..."

நிறுத்தும் கட்டளையை அடித்தாள். சர்வர் மறுத்தது. நிறுத்துவதற்கு முன் கான்ஃபிக்கைப் படித்துப் பார்க்குமாம். படிக்க அதில் ஒன்றுமில்லையாம். ஓடவும் சரியாகத் தெரியாமல், நிற்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது.

சர்வர் எந்த எண்ணில் ஓடுகிறது என்று தேடினாள். கிடைத்தது. அந்த எண்ணைக் குறிவைத்துக் கொல்லச் சொன்னாள். உனக்கு அனுமதியில்லை என்றது திரை. முழு அதிகாரத்தோடு மறுபடி கேட்டாள். கடவுச்சொல் கேட்டது. அடித்தாள். தவறு. ஒவ்வொரு எழுத்தாக உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். ஏற்றுக்கொண்டது.

"தாடி, போன்ல பாரு. செத்துச்சா?"

"இல்லக்கா. இன்னும் பச்சையாத்தான் வருது."

தலைமை நிரல் செத்திருந்தது, அதற்குக் கீழே வேலை செய்யும் பிரதிகள் எடுத்துக் கொடுத்துக்கொண்டேயிருந்தன. சொல்லி நிறுத்த ஆளில்லாத வேலையாட்கள். அந்தப் பெயரில் ஓடும் அனைத்தையும் ஒட்டுமொத்தமாகக் கொல்லும் கட்டளையை எழுதினாள். அழுத்துமுன் ஒரு கணம் அதிகாரியை ஏறிட்டுப் பார்த்தாள். அழுத்தினாள்.

"போச்சு. வெள்ளையா வருது" என்றான் தாடி.

அறையில் இருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறத் தொடங்கின. அவள் எதையும் எடுக்கவில்லை. மேஜைமேல் கிடந்த தன் கைபேசியையே பார்த்தபடி இருந்தாள். அது சும்மா கிடந்தது. பாலத்துக்கு இறங்கும் சரிவு, கடைசி வளைவு தாண்டியதும் சடாரென்று வரும். வளைவுக்கு முன்னால் அவன் போனைப் பார்ப்பானா, பின்னாலா?

கைபேசி அதிர்ந்தது.

"அக்கா, என்ன உன் சைட் படுத்துடுச்சு? ஓரமா நிறுத்திட்டுப் பேசுறேன், திட்டாதே."

"எங்கடா நிக்கிறே?"

"பாலத்துக்குத் திரும்புற வளைவுல. ஏன்?"

"ஒரு அடி முன்னால போகாதே. பாலம் முழுகிக் கிடக்கு. வண்டியைத் திருப்பு."

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம். மழைச் சத்தம். செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. அவன் குரல் மாறியிருந்தது.

"அக்கா, பாலத்தையே காணோம். கைப்பிடிக் கம்பி மட்டும் தெரியுது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சரி, திரும்பிப் போ."

"நான் போயிட்டா பின்னால வர்றவன் உள்ள விடுவானே. ரெண்டு கார் வந்து நிக்குது. இரு." இன்ஜின் உறுமியது. யாரோ ஒரு பெண் உள்ளிருந்து சத்தம் போட்டாள். "வண்டியை ரோட்டுக்குக் குறுக்க போட்டுட்டேன். இனி பறந்துதான் போகணும். ஆனா ஹாரன் அடிச்சுக் காதைக் கிழிக்கிறாங்க. சீக்கிரம் உன் சைட்ல ஏதாவது காட்டு, நான் சொன்னா எவன் நம்புறான்?"

"லைன்லயே இரு" என்று போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

டிஸ்க்கைக் கேட்டாள். சர்வர் செத்ததும் பிடி விட்டிருந்தது. இடம் தாராளமாக இருந்தது. பொறியாளரை மறுபடி சிவப்பு கொடுக்கச் சொன்னாள். அவருடைய பதிவு வேறு வழியாக நேரே டிஸ்க்குக்கு வருவதால், இந்தத் தடவை ஏறியது. ஆனால் அதை எடுத்துக் காட்டத்தான் ஆளில்லை.

"அக்கா, சோதனை சர்வர்ல இதே மாதிரி கான்ஃபிக் ஒண்ணு இருக்கு. முகவரியும் பாதையும்தான் வேற" என்றான் தாடி.

"அதைக் கொண்டு வா. நீ படி, நான் மாத்துறேன்."

அவன் வரி வரியாகப் படிக்க, அவள் மாற்றிக்கொண்டு போனாள். ஸ்பீக்கரில் ஒரு ஆண்குரல் தம்பியோடு சண்டைக்கு வந்தது. "யாருய்யா நீ ரோட்டை மறிக்க? காலையிலதான் நான் இந்தப் பாலத்துல வந்தேன்!" தம்பி ஏதோ சொன்னான். "எடுக்கிறியா, நானே எடுக்கட்டுமா?"

ஓட்டிப் பார்த்தாள். பிழை. எதிர்பாராத அடைப்புக்குறி என்று ஒரு வரி எண்ணைக் காட்டியது. அந்த வரியை முறைத்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"மேல பாரும்மா" என்றார் அதிகாரி. எப்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார் என்று அவளுக்குத் தெரியவில்லை. "அதுக்கு மேல் வரியில கடைசியில ஒண்ணுமில்லையே. மத்ததுல எல்லாம் ஏதோ புள்ளி மாதிரி இருக்கே."

அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. வைத்தாள். சோதித்தாள். சரி என்றது. ஓட்டினாள்.

தாடி தன் போனைத் தூக்கிக் காட்டினான். வரைபடம் மெல்ல விரிந்தது. தரைப்பாலம் சிவப்பு.

"டேய், இப்பப் பாரு. அவர்கிட்ட பாக்கச் சொல்லு."

பிறகு ஒரு ஹாரன் நின்றது. இன்னொன்றும் நின்றது.

"போனைப் பாக்கிறார்" என்று தம்பி தாழ்ந்த குரலில் நேர்முக வர்ணனை கொடுத்தான். "இப்பத் தண்ணியைப் பாக்கப் போறார்... வந்துட்டார். வண்டியைத் திருப்புறார். அவருக்குப் பின்னால இருக்கிறவங்களுக்கும் கையைக் காட்டித் திருப்பச் சொல்றார்."

அதிகாரி தன் போனை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனார். "ஆமா சார், நான் சொல்லித்தான் நிறுத்தினாங்க. ஆமா, தெரிஞ்சேதான்" என்று சொல்வது கேட்டது. அவளைக் காப்பாற்றுகிறாரா, பெயரைத் தட்டிக்கொள்கிறாரா என்று தாடி புருவத்தால் கேட்டான். அதை யோசிக்க அவளிடம் தெம்பில்லை.

"நீ எப்படா கிளம்புவே?"

"ரோடு ஆளுங்க பெரிய பாலம் சுத்தி வந்துட்டிருக்காங்களாம். அவங்க தடுப்பு போட்டதும்..."

அவன் முடிப்பதற்குள் போன் கைமாறியது. ஒரு வயதான அம்மாளின் குரல், களைத்திருந்தாலும் கறாராக வந்தது. "நீதான் இவன் அக்காவா? இவங்கிட்டச் சொல்லு, எனக்குக் குளிருது, அந்த ஏசியை அணைன்னா அணைக்க மாட்டேங்கிறான். கண்ணாடி பனி பிடிக்குமாம். நிக்கிற வண்டிக்குக் கண்ணாடி எதுக்கு?"

"அணைடா!" என்று அவள் போனுக்குள் கத்தினாள். குரல் உடைந்து சிரிப்பாக வந்தது, நிறுத்த முடியவில்லை. தாடி தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினான். எடுத்துக் குடித்தாள். பாதி தண்ணீர் சட்டையில் கொட்டியது.

துடைத்துக்கொண்டு திரைக்குத் திரும்பினாள்.

"தாடி, இந்த கான்ஃபிக்கை முதல்ல வேற மெஷின்ல ஒரு காப்பி எடு. அப்புறம் லாக் எப்படி எழுதணும்னு பேசலாம். வேற எதையும் தொடாதே, நான் வர்ற வரைக்கும்."

"எங்க போறீங்க?"

"முகம் கழுவ."