பின்னறை ஜன்னலில் ஒரு ரவுட்டர்

பல்லடத்துக்கு உள்ளே தள்ளி இருந்த அந்தத் தோட்டத்து வீட்டில் லோகப்பிரியாவுக்கு மத்தியானம் என்று ஒரு பொழுது தனியாக இருந்ததில்லை. வீட்டுக்கும் கோழி செட்டுக்கும் நடப்பதிலேயே அது தீர்ந்துபோகும். செட்டில் கம்பெனிக்காரர்கள் வளர்த்துக்கொடுக்கச் சொல்லி இறக்கிவிட்டுப் போன குஞ்சுகள். வீட்டின் பின்னறையில் மாமனார் பொங்கியண்ணன். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்ததிலிருந்து அவர் கட்டிலோடு கிடந்தார். பக்கத்துத் தோட்டத்து வேலுமணி காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிவிட்டு மத்தியானம் கிளம்பிவிடுவாள். பிறகு எல்லாம் லோகப்பிரியாதான். கணவன் கிருபாசங்கர் காலையில் தறிக்குடோனுக்குப் போனால் இருட்டித்தான் வருவான்.

ஒருநாள் அவள் தீவனம் போட்டுவிட்டுத் திரும்பியபோது மாமனார் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். தானே எழுந்து ஒண்ணுக்குப் போகப் பார்த்திருக்கிறார்.

"கூப்பிட்டேன் கண்ணு. உனக்குக் கேக்கல" என்றார் குழறலாக.

கிருபாசங்கர் மறுநாளே ஒரு கேமரா வாங்கிவந்து பின்னறைச் சுவரில் மாட்டினான். ஆனால் இன்டர்நெட் பெட்டி இருந்தது முன்கூடத்தில். பின்னறைக்கே வைஃபை விட்டுவிட்டுத்தான் வந்தது. தகரக்கூரை போட்ட செட்டுக்குள் போனுக்கும் சிக்னல் கிடையாது.

"இதுக்கு நடுவுல இன்னொரு மிசின் வெக்கோணுமாம். இந்த பேட்ச் கோழி போகட்டும், பாத்துக்கலாம்" என்று அவன் விட்டுவிட்டான்.

லோகப்பிரியா கல்யாணத்துக்கு முன்பு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். அதைக் கொண்டு இதுவரை ஒரு காரியமும் நடந்ததில்லை. பரணில் பழைய ரவுட்டர் ஒன்று கிடந்ததை எடுத்துத் துடைத்தாள். வைஃபையைப் பிடித்து அடுத்த இடத்துக்குக் கடத்திவிடும் வசதி அதில் இல்லை. ஆனால் இந்த மாதிரிப் பழைய பெட்டிகளுக்கென்று வேறு ஆட்கள் தாங்களாகவே ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருள், எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று படித்தாள். அடியில் ஒட்டியிருக்கும் மாடலும் வெர்ஷனும் பிசகாமல் பொருந்த வேண்டும் என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். ஸ்டிக்கர் வெளுத்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வாசித்தாள்.

மகள் அக்ஷயா காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாமனாரின் அறையிலேயே உட்கார்ந்தாள். அவரையும் பார்த்துக்கொண்ட மாதிரி ஆகும்.

"என்ன கண்ணு, ரேடியோ ரிப்பேரா?"

"இல்லீங் மாமா. இதுக்குள்ள இருக்கறத அழிச்சுப்போட்டு வேறொண்ணு ஏத்தறனுங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா இது எதுக்கும் ஆகாதுங்க."

"அப்ப இன்வெர்ட்டர்ல போடு."

"போட்டுட்டனுங்க."

முதலில் இறக்கிய ஃபைலை ரவுட்டர் ஏற்கவில்லை. அது வேறு நாட்டு மாடலுக்கானது. சரியானதைத் தேடுவதற்குள் செட்டுக்கு ஒருமுறை போய் வர வேண்டியிருந்தது. இரண்டாவது ஃபைல் ஏறியது. எல்லா விளக்கும் அணைந்து, ஒன்று மட்டும் திரும்ப எரிந்தது. போனில் தேடினால் அந்த ரவுட்டரின் வைஃபை பேரே வரவில்லை. கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். வருத்தம்கூட வரவில்லை, தூக்கம்தான் வந்தது. சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து படித்தபோது விஷயம் புரிந்தது. புதிதாக ஏற்றிய ஃபர்ம்வேர் வைஃபையை அணைத்தே வைத்திருக்கும். ஒயர் போட்டு உள்ளே போய் நாம்தான் அதை எழுப்ப வேண்டும். ஒயரைச் செருகினாள். லேப்டாப்பில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறந்தது. வைஃபையை எழுப்பினாள்.

ரவுட்டரைப் பின்னறை ஜன்னலில், செட்டைப் பார்க்க வைத்தாள். முன்கூடத்து வைஃபையை அது பிடித்து செட்டுவரை தள்ளியது. கேமராவையும் அதிலேயே சேர்த்தாள். செட்டுக்குள் நின்று போனைத் திறந்தால் மாமனார் கட்டிலில் கண்ணை மூடிக் கிடப்பது தெரிந்தது. மார்பு ஏறி இறங்கியது. லோகப்பிரியா தீவன மூட்டைமேல் உட்கார்ந்தாள். பகலில் அவள் அப்படி உட்கார்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

கிருபாசங்கருக்கு ஒரே பெருமை. தன் போனிலும் போட்டுக்கொண்டான். கோயமுத்தூரில் இருக்கும் அக்கா சாந்தாமணிக்கும் போட்டுக்கொடுத்தான். அந்த வாரக் கடைசியில் வேலுமணி கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்றாள்.

"அம்மணி, தம்பி நாளையிலிருந்து வேண்டாமின்னு சொல்லுச்சு. கேமராவுலயே எல்லாம் தெரியுதாமா. உனக்குத் தெரியுமல்லோ?"

லோகப்பிரியாவுக்குத் தெரியாது. "சரிங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று கணவனிடம் கேட்டாள்.

"அதான் நீயே பாத்துக்கறயே அம்மணி" என்றான் அவன். திட்டக்கூட முடியாதபடி அன்பாகத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவள் தலையில் விழுந்தன. அதோடு, அவள் இழுத்துவிட்ட வைஃபையிலேயே கோயமுத்தூரிலிருந்து வாட்ஸ்அப் போனும் வந்தது. "லோகு, அப்பாவுக்கு வேட்டி வெலகிக் கெடக்குது பாரு." "லோகு, தண்ணி சொம்ப எட்டாம வெச்சிருக்கறே." சாந்தாமணி கெட்டவள் இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்த்ததையெல்லாம் சொன்னாள். லோகப்பிரியா ஒவ்வொரு தடவையும் "சரிங்க நங்கை" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு செட்டிலிருந்து ஓடினாள்.

ஒருநாள் உடம்பு துடைத்துவிடும்போது மாமனார் இடக்கையால் சுவரைக் காட்டினார்.

"அதுல யாரு கண்ணு பாக்கறது?"

"நானுங் மாமா. அப்பறம் அவுங்க. நங்கையும் பாக்கறாங்க."

அவர் இடக்கையால் துண்டை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டார். அது சரியாக விழவில்லை.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேமராவின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அவருக்கு வேட்டி கட்டி, போர்த்தி, கஞ்சி கொடுத்து முடித்தபின் லேப்டாப்பை எடுத்தாள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு விதி எழுதினாள்: கேமராவிலிருந்து எதுவும் தோட்டத்துக்கு வெளியே போகக்கூடாது. ரவுட்டரின் பழைய ஃபர்ம்வேரில் இதற்கு வழியே இருந்திருக்காது. பின் கேமராவைக் கட்டில் பக்கம் திருப்பிவிட்டு செட்டுக்குப் போனாள். அங்கே நின்று பார்த்தாள். அவர் தெரிந்தார்.

சற்று நேரத்தில் கிருபாசங்கர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"கேமரா போயிருச்சா? அக்கா பயந்துபோட்டுக் கூப்பிட்டுச்சு."

"நல்லாத்தானுங்க இருக்குது. நாந்தான் வெளிய போகாம நிறுத்தி வெச்சிருக்கறேன். தோட்டத்துக்குள்ள இருந்தா தெரியும்."

"எதுக்கு?"

"மாமாவுக்குக் கூச்சமா இருக்குதுங்க. பாக்கோணும்னா ஊட்டுக்கு வந்து பாருங்க. நங்கையவும் வரச் சொல்லுங்க." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டாள். "வேலுமணியக்காவ நிறுத்தறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுங்க. எனக்கு முடியலீங்க."

அந்தப் பக்கம் அவன் தறியை நிறுத்துவது கேட்டது. "சரி, வாரேன்" என்று போனை வைத்தான்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே வந்தான். நேராகப் பின்னறைக்குப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தான். பிறகு வேலுமணியைப் பார்க்கப் போனான். அவள் அதற்குள் பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் வருகிறேன் என்றாளாம். வேறு ஆள் கிடைக்கும்வரை காலையில் அப்பாவைத் தானே குளிப்பாட்டிவிட்டுத் தறிக்குப் போவதாகச் சொன்னான். சாந்தாமணி அடுத்த வாரம் வந்து நாலு நாள் இருப்பாளாம்.

"அப்பாவுக்குச் சுடுதண்ணி எவ்வளவு சூடு வேணும்?" என்று கேட்டான்.

லோகப்பிரியா சொன்னாள். துண்டு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் முதலில் புரட்ட வேண்டும், எந்தத் தோளைப் பிடித்துத் தூக்கக்கூடாது என்பதையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் சொருகியது. முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.