கீழே என்று இருக்க வேண்டிய இடத்தில்

1.

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை எழுதியவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்தைய நான்கு வரைவுகளில் இதைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைத்திருந்தேன்.

சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு கம்பெனிகளுக்குத் தமிழில் விளக்கத்தாள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஓர் இரும்பு விறகடுப்புக்கும் எழுதினேன். அதன் புகைக்குழாயில் கடிகாரம் போல ஒரு வெப்பமானி இருக்கும். ‘முள்ளை நூற்றிருபதுக்குக் கீழே நெடுநேரம் நிற்க விடாதீர்கள்’ என்பதுதான் ஆங்கில மூலத்தில் மூன்றாவது வரி. நான் ‘மேலே’ என்று எழுதிவிட்டேன்.

(தூக்கக் கலக்கம் என்று ஒரு வரைவில் இருந்தது. பொய். நன்றாக விழித்திருந்தேன்.)

2.

‘கொல்லிமலையில் பனி இறங்கிய ஒரு காலையில் சென்னம்மாள்...’

வேண்டாம். பனி அழகாக இருக்கிறது. நடந்தது அப்படியில்லை.

கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்ற பகுதியில் அந்த அடுப்பை வாங்கியவர் சென்னம்மாள். முள் நூற்றிருபதைத் தாண்டப் பார்த்தாலே அடுப்புக்குள் காற்று போகும் கதவை மூடிவிடுவார். ஏழு மாதம், ஒரு நாள் தவறாமல். விறகு புழுங்கிப் புழுங்கி எரிந்தது.* புகை குழாய்க்குள் தாராகப் படிந்தது. மாசியில் ஒரு காலை அந்தத் தார் பற்றிக்கொண்டது. கணவர் சென்றாயன் கூரைமேல் ஏறி, சிவந்திருந்த குழாயில் தண்ணீரை ஊற்றினார். சீறிய ஆவியில் அவருடைய வலது கண் போயிற்று.

* அடுப்பு அதிகம் காய்ந்தால்தான் ஆபத்து என்று நினைப்போம். போதிய சூடு இல்லாமல் எரிவதும் ஆபத்துதான். ஆங்கிலத் தாளில் இது தெளிவாகவே இருந்தது.

3.

கம்பெனியிலிருந்து விவேக் போனில் விபத்தைச் சொன்னதும் தாளை எடுத்துப் பார்த்தேன். மறுநாளே செம்மேட்டில் பஸ் மாறி அங்கே போனேன். அடுப்பைப் பற்றி விசாரிக்க வந்திருப்பதாக மட்டும் சொன்னேன்.

“ஒரு நாளு கூட நூத்தியிருவதத் தாண்ட உடலீங்க,” என்றார் சென்னம்மாள். “அப்புறம் எப்படிங்க புடிச்சுது?”

நான் சுவரில் ஒட்டியிருந்த என் தாளைப் பார்த்தேன்.

“எப்பவோ நாந்தான் பாக்காம உட்டிருக்கோணும். என்னாலதான் இவரு கண்ணு போச்சு.”

கட்டிலில் கிடந்த சென்றாயன், “அவ அடுப்ப உட்டு நவுரவே மாட்டாளுங்க. உம்மேல தப்பில்லன்னு சொன்னாக் கேக்க மாட்டேங்கறா,” என்றார்.

காப்பி குடித்துவிட்டு மலையிறங்கி வந்துவிட்டேன். (இந்த வாக்கியத்தை மாற்ற எவ்வளவோ முயன்றேன்.)

4.

முடிவு ஒன்று: நான் அழுகிறேன், சென்னம்மாள் மன்னிக்கிறார். எழுதிப் படித்தபோது கூசியது. அவர் வாயில் மன்னிப்பை வைக்க நான் யார்?

முடிவு இரண்டு: தாளை எழுதியவன் கடைசிவரை சொல்லவில்லை. சென்னம்மாள் சாகும்வரை தன்னையே

இதற்குமேல் எழுத முடியவில்லை. எழுந்து போய் பஸ் ஏறினேன்.

5.

சொன்னேன். சென்னம்மாள் சுவரில் ஒட்டியிருந்த தாளை எடுத்து அந்த வரியைப் படித்தார். விரல் அந்தச் சொல்லின்மேல் வெகுநேரம் நின்றது.

“அப்ப நான் சரியாத்தான் பாத்திருக்கறேன்.”

“ஆமாங்க.”

“இந்தத் தாளு வேற யாரு ஊட்ல இருக்குதுங்க?”

மலையில் இன்னும் ஒன்பது வீடுகள். நான் போனில் தவறைச் சொன்னதும் விவேக் ஏழு வீடுகளுக்குப் போய் எச்சரித்திருந்தான். மீதி இரண்டும் பக்கத்தில் இருந்தன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

இரண்டு வீட்டிலும் தாளைக் கிழித்தார். “முள்ள நூத்தியிருவதுக்குக் கீழ நிக்க உடாதீங்க. குழாயக் கழட்டித் தார வழிச்சுப்போட்டுத்தான் இனிப் பத்த வெக்கோணும்,” என்றார்.

“இவரு யாருங்க?” என்று கேட்டார்கள்.

நான் காத்திருந்தேன்.

“அடுப்பப் பத்திச் சொல்ல வந்தவருங்க,” என்றார். திரும்பும் வழியில் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார் என்று மூன்று காரணங்கள் எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன். இதற்குள் நீங்களும் ஒன்றை நினைத்திருப்பீர்கள். அது என்னைக் காப்பாற்றும் காரணமாக இருந்தால், அதையும் அடித்துவிடுங்கள்.