வார்னிஷ் காயாத கூடம்

மரத்தரை போடும் தச்சர், தான் போட்ட தரையின் மூலையிலேயே இரண்டு மழைக்காலம் குடியிருந்தார். வார்னிஷ் காயவில்லை, அவ்வளவுதான் காரணம்.

தப்பு அவர் மேல் இல்லை என்று சொல்ல ஆசைதான்; ஆனால் அவர் மேல்தான். தேக்குப் பலகைகளை வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில் அடுக்கி, அந்த அறைக் காற்றுக்குப் பழகும்வரை விட்டுவைத்து, மரம் உப்பினால் போக்கிடம் வேண்டுமே என்று சுவரோரம் இடைவெளி விட்டு, ஆணித் தலை தெரியாமல் அடித்து, உப்புத்தாள் தேய்த்து, எல்லாம் முறையாகத்தான் செய்தார். கடைசிப் பூச்சை உள்மூலையில் தொடங்கி வாசலில் முடிக்க வேண்டும். அன்றைக்கென்று நிறைமாத மனைவி வாசலில் வந்து நின்று, "வீட்டுக்கு வர்ற வழி மறந்துபோச்சா?" என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "இதோ, கடைசிக் கை" என்று வாசலிலேயே தொடங்கியவர், அவள் சொல்லச் சொல்ல ஓரடி ஓரடியாகப் பின்வாங்கிப் பூசிக்கொண்டே போய், முதுகு சுவரில் முட்டியபோதுதான் முழித்தார். அந்த மூலையில் ஜன்னல்கூடக் கிடையாது.

"மிதிச்சுட்டு வாங்க" என்றாள் மனைவி. அவர் போட்ட எந்தத் தரையிலும் அதுவரை ஒரு தடம் விழுந்ததில்லை. "காஞ்சதும் வர்றேன்" என்றார். காயவில்லை. வீட்டுக்கார அம்மா துணி உலர்த்தும் கம்பில் சாப்பாட்டு டப்பாவை மாட்டி நீட்டினார். மற்ற வசதிகளைப் பற்றிக் கேட்பது நாகரிகமில்லை. மகள் பிறந்தாள். மனைவி தினமும் குழந்தையை வாசலிலிருந்து காட்டி, திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டுப் போனாள். அவருக்கு மனசு அடித்துக்கொள்ளும். குனிந்து தரையைத் தொடுவார், விரல் ஒட்டும்.

இரண்டாம் மழை ஓய்ந்த ஒரு காலை, நடக்கப் பழகியிருந்த குழந்தை அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி உள்ளே கால் வைத்தது.

"புடி, புடி! தரை ஈரம்!"

"நான் ஏன் புடிக்கணும்? உங்க தரை, உங்க பொண்ணு" என்றாள் மனைவி, படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு.

குழந்தை சளக் சளக்கென்று நடுக்கூடம் வரை வந்து தள்ளாடியது. தச்சருக்குத் தரை மறந்துபோயிற்று. நாலே எட்டில் பாய்ந்து அள்ளிக்கொண்டார். மகளின் கனத்தை முதன்முதலாகக் கையில் வாங்கித் தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடிப்பதற்குள் வார்னிஷ் காய்ந்துவிட்டது.

தடங்களை இழைத்து எடுத்துவிடுகிறேன் என்றதற்கு வீட்டுக்கார அம்மா, "தொட்டா கையை ஒடிச்சுடுவேன்" என்றுவிட்டார். பெரிய தடங்கள் அப்படியே இருக்கின்றன. சின்னவை மட்டும் மகளோடு சேர்ந்து வளர்கின்றன. அவளுக்குப் புதுச் செருப்பு வேண்டுமென்றால் கடைக்காரர் அந்தக் கூடத்துக்கு வந்துதான் அளவெடுக்கிறார், தன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு.