நாறுகிற ஜாடி

தங்கையை வீட்டில் எல்லோரும் 'சுத்தக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கை கழுவியதற்காகவே இன்னொரு முறை கை கழுவுகிற பெண். அவள் போய்ப் புழு வளர்க்கும் தொழிலில் விழுந்தாளே, அதைத்தான் விதி என்பது!

கண்ணுக்கே தெரியாத பொடிப் புழுக்கள் அவை. தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றினால், செடியின் வேரைத் தின்னும் வண்டுப்புழுவைத் தேடிப் போய் உள்ளே நுழைந்துவிடும். ஆனால் தனியாக அவற்றால் ஒன்றும் கிழிக்க முடியாது. வயிற்றில் சுமந்து வரும் பாக்டீரியாவை உள்ளே கக்கும். அதுதான் வண்டுப்புழுவை முடித்து, நாறும் கூழாக்கும். அந்தக் கூழைத் தின்று புழு பெருகும். குஞ்சுகள் கிளம்பும்போது பாக்டீரியாவை மறக்காமல் வயிற்றில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். நகமும் சதையும் என்கிறோமே, இந்த ஜோடியைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்ல வேண்டும்.

அக்காவின் ரோஜாப் பண்ணையில் தொட்டிகளில் வண்டுப்புழு விழுந்திருந்தது. தங்கை புழுநீரை ஊற்றி ஒரு வாரமாகியும் செடிகள் வாடிக்கொண்டே இருந்தன.

"உன் புழுவெல்லாம் அங்க விருந்தாளியா போயிருக்கு போல," என்றார் அக்காவின் கணவர். "நான் பூச்சிமருந்து வாங்கியாச்சு. திங்கட்கிழமை அடிச்சுடறேன்."

"அடிங்க. அப்புறம் நான் இந்தப் பக்கமே வர முடியாது," என்றாள் அக்கா. மருந்து நெடி பட்டாலே அவளுக்கு மூச்சு இழுக்கும். போன முறை ஆஸ்பத்திரி வரை போய் வந்தாள். அவள் கையால் வளர்ந்த பண்ணை அது.

தங்கை ஒரு வண்டுப்புழுவைக் கீறி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். உள்ளே அவள் புழுக்கள் உயிரோடு நெளிந்தன. ஆனால் கூழ் இல்லை, நாற்றம் இல்லை. அப்போதுதான் சுருக்கென்றது. புழு வளர்க்கும் ஜாடிகள் நாறுகின்றனவே என்று போன மாதம் அவள்தான் கிருமி கொல்லும் ஆன்டிபயாட்டிக்கை ஊற்றியிருந்தாள். குடித்தனக்காரரை விரட்டிவிட்டு வெறும் வீட்டை அனுப்பி வைத்திருக்கிறாள்! சுத்தம் சோறு போடுமாம். இங்கே சோற்றில் மண்ணைப் போட்டது.

குப்பையில் கொட்ட ஒதுக்கியிருந்த பழைய புழு ஜாடி ஒன்று மூலையில் இருந்தது. அதில் ஆன்டிபயாட்டிக் படவில்லை. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"மாமா, இது ஒண்ணை மட்டும் ஊத்திப் பாத்துடறேன். கேக்கலன்னா நீங்க அடிங்க."

திங்கட்கிழமை காலை ஒரு தொட்டியைக் கவிழ்த்தாள். வண்டுப்புழுக்கள் செங்கல் நிறத்தில் செத்துக் கிடந்தன. அவற்றைத் தட்டில் அள்ளிக்கொண்டு இருவரையும் சாமான் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னடி இது, ஒண்ணுமே தெரியல," என்றாள் அக்கா.

"கொஞ்சம் பொறுக்கா."

கண் பழகியதும் தெரிந்தது. தட்டில் ஒவ்வொரு புழுவும் மங்கலான பச்சையில் ஒளிர்ந்தது. பாக்டீரியாவின் வெளிச்சம். இத்தனை அழகையா நாற்றம் என்று கழுவிவிட்டோம்!

"அடேங்கப்பா," என்றார் மாமா மெதுவாக. "மருந்தைக் கடையிலயே திருப்பிக் கொடுத்துடறேன்."

அக்கா தட்டின் மேல் குனிந்தாள். பக்கத்திலேயே நின்றும், அவள் மூச்சு இழுக்கும் சத்தம் தங்கைக்குக் கேட்கவே இல்லை.