பதில் வராத அறை

கணக்கு டீச்சர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வீடியோவில் பாடம் நடத்தும் கம்பெனிக்குப் போனது சம்பளத்துக்காகத்தான். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. "இனிமே தொண்டை கிழியக் கத்த வேணாம்" என்று வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். கத்துவதற்கு ஆளே இருக்காது என்று அந்த மகானுக்கு யார் சொல்வது?

நாலு சுவர், ஒரு கேமரா, முகத்தில் அடிக்கும் விளக்கு. கேள்வி கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் அப்படியே நிற்பாள்.

"மேடம், மறுபடியும் நின்னுட்டீங்க," என்பார் எடிட்டர். "பதிலையும் உடனே நீங்களே சொல்லிடுங்க. வெட்டி வெட்டி என் கை ஓய்ஞ்சு போச்சு."

ஒருநாள் பழைய தலைமையாசிரியை போன் செய்தார். "உன் இடத்துக்கு வந்த புது டீச்சர் வேலையை விட்டுப் போறேன்னு நிக்கிறா. நீ வந்து ஒரு வார்த்தை பேசிப் பாரேன். கேக்கலன்னா, அந்த இடம் உனக்குத்தான்."

வழியெல்லாம் ஒரே வேண்டுதல், அந்தப் பெண் போய்த் தொலையட்டும் என்று. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டாள்.

ஆசிரியர் அறையில் அந்தப் பெண் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். "எதுக்குடா இந்த வேலைக்கு வந்தோம்னு இருக்குக்கா. ஒரு கேள்வி கேட்டா அத்தனை வாயும் ஒண்ணா கத்துது."

டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும், இடம் தானாக வந்து சேரும்.

"பாதியும் பாதியும் சேந்தா என்னன்னு கேட்டேன். ரெண்டு பாதிங்கிறான் ஒருத்தன். உக்காருன்னுட்டேன்."

"ஐயோ, அவன் சொன்னது சரிதானேம்மா! அவனைப் போய் உக்கார வச்சிட்டியே!" டீச்சர் மேஜைமேல் கிடந்த தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். "இதை அவன் கையில குடு. ஒட்ட வச்சுப் பாக்கச் சொல்லு. நீ வாயே திறக்காத. அவனே சொல்லுவான்."

மணி அடித்தது. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளோடு ஓடினாள். டீச்சர் ஜன்னலோரம் போய் நின்று பக்கத்து வகுப்புக்குக் காது கொடுத்தாள். பிறகு "ஒண்ணு! ஒண்ணு!" என்று சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. நடுவில் அந்தப் பெண்ணின் சிரிப்பும் கேட்டது.

"இனி அவ எங்கயும் போக மாட்டா," என்றார் தலைமையாசிரியை. "நல்ல காரியம் பண்ணினே."

பாழாய்ப்போன வாய், ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதா? டீச்சர் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"வேற இடம் காலியானா சொல்றேன்மா."

"சீக்கிரம் சொல்லுங்க மேடம்," என்றாள். கண் அந்த வகுப்பை விட்டு வரவில்லை.