இரண்டு மணி இல்லாத வியாழக்கிழமை

கப்பல் கிளம்பிய மறுநாளே கேபின் கதவின் உட்புறத்தில் அட்டவணை ஏறிவிட்டது. இரும்புக் கதவு என்பதால் காந்தப் பொம்மை ஒட்டும் என்று கண்டுபிடித்தவர் டைம்கீப்பர். பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடமாக வண்டிகளை நேரத்துக்கு விரட்டி வருபவர். குடும்பத்தின் சின்னவனுக்கு அக்கா புருஷன். விடுமுறையில் வந்த இடத்திலும் விரட்டுவதற்கு ஏதாவது வேண்டாமா?

இணையம் வாகாகச் சிக்கியது.

அக்கா வாங்கிய வாஷிங் மெஷினுக்குக் குலுக்கலில் விழுந்த பரிசு இந்தப் பயணம். நாலு பேர், ஒரே கேபின், ஜன்னல் கிடையாது. சாப்பாடும் நீச்சல் குளமும் பரிசில் சேர்த்தி, இணையம் மட்டும் தனி. குடும்பம் கூடிப் பேசி ஒரே ஒரு பேக்கேஜ் வாங்கியது. அது ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் வேலை செய்யும். இரண்டாவது போன் உள்ளே நுழைந்தால் முதல் போன் வெளியே விழும். முதல் நாள் மட்டும் நாலு பேருமாக ஒருவரை ஒருவர் பதினேழு தடவை வெளியே தள்ளினார்கள். சாயங்காலம் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகுதான் அட்டவணை.

பதினொன்று முதல் பன்னிரண்டு வரை அம்மா. பன்னிரண்டு முதல் ஒன்று வரை டைம்கீப்பர். ஒன்று முதல் இரண்டு வரை 'பராமரிப்பு'. என்ன பராமரிப்பு என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. இரண்டு முதல் மூன்று சின்னவன், மூன்று முதல் நாலு அக்கா. கீழே ஆறு விதிகள். நாலாவது விதி, முறையை யாருக்கும் மாற்றித் தரக் கூடாது என்றது. ஒவ்வொருவரும் தன் நேரம் முடிந்ததும் லாக் அவுட் செய்து, டூட்டி இறங்கும் டிரைவர் மாதிரி கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா தன் ஒரு மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரிக்கு போன் போட்டு, கொல்லைக் குழாய் மூடியிருக்கிறதா என்று கேட்பாள். மூன்று நாளாக அதே குழாய், அதே பதில். அழகு நிலையம் வைத்திருக்கும் அக்கா கடையின் கேமராவைத் திறந்து, வேலைக்கு வைத்த பெண் கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்து தன் நகத்துக்கே பாலிஷ் போடுவதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். டைம்கீப்பர், தான் இல்லாமல் டிப்போ தாமதமாக நடக்கிறதா என்று விசாரிப்பார். நேரத்துக்கு நடக்கிறது என்று தெரிந்து அன்று முழுக்க வாடிப்போய்த் திரிவார்.

சின்னவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். கடைக்கு மேல்மாடியில் ஒரு பிசியோதெரபி கிளினிக். அங்கே வேலை செய்யும் பெண்ணும் அவனும் ஒரு வருடமாக மாடிப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள். படியைத் தாண்டிப் பேச்சு போகவில்லை. போன வாரம் அவளுக்கு வேறு ஊர்க் கிளையில் பொறுப்பாளர் பதவி வந்தது. வியாழக்கிழமை மதிய இடைவேளை முடிவதற்குள் மேலதிகாரியிடம் பதில் சொல்லியாக வேண்டும். "நான் போகட்டுமா?" என்று அவனைக் கேட்டாள். அவன் கையிலிருந்த லென்ஸை எடுத்துத் துடைத்தான்.

"யோசிச்சு வைங்க. வியாழக்கிழமை உங்களைக் கூப்பிடுவேன். எடுக்கலைன்னா, அதையே பதிலா வெச்சுக்கறேன்" என்றாள்.

கப்பலில் அட்டவணை வந்ததும் தன் முதல் முறையிலேயே, கப்பலின் இரண்டு மணிக்கு ஊரில் என்ன மணி என்று கணக்குப் போட்டு அவளுக்கு அனுப்பினான். அவள் இடைவேளையும் அதே நேரம்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக டைம்கீப்பர் மேல் அவனுக்கு அன்பு சுரந்தது.

வியாழக்கிழமை காலை உணவின்போது ஒலிபெருக்கி கனைத்தது. கப்பல் கிழக்கே போவதால் இன்று பகல் இரண்டு மணிக்குக் கப்பலின் கடிகாரங்கள் எல்லாம் மூன்று மணிக்கு நகர்த்தப்படும் என்றது. பயணிகள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆயிரத்தெண்ணூறு பேர் இருந்த அந்தக் கப்பலில் சின்னவன் மட்டும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். அவன் முறையை அப்படியே கடல் விழுங்கிவிட்டது. அவள் கூப்பிடும் நேரம் மாறாது. ஆனால் அப்போது கப்பலில் மணி மூன்று, அக்காவின் முறை.

முன்கூட்டியே சொல்லலாம் என்றால், வேலை நேரத்தில் அவள் போன் லாக்கரில் கிடக்கும்.

கேபினுக்குத் திரும்பியதும், ஒரு கஸ்டமரின் லென்ஸ் விஷயம், அவசரம் என்று டைம்கீப்பரிடம் நூல் விட்டுப் பார்த்தான். அவர் அட்டவணையை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். ஒருவருடைய நேரத்தை இயற்கை எடுத்துக்கொண்டால் அதற்குத் தான் பொறுப்பில்லை என்றும், புயலில் போன டிரிப்பை மறுநாள் சேர்த்து ஓட்டுவதில்லை என்றும் விளக்கினார். அப்போது மேல் பெர்த்திலிருந்து அக்காவின் தலை கீழே நீண்டது.

"எந்த லென்ஸுடா அது, உனக்கு இப்படி வேர்க்குது?"

அந்தக் கேபினில் ரகசியத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. பெட்டிகளையே கட்டிலுக்கடியில் திணித்துத்தான் வைத்திருந்தார்கள். சின்னவன் தரையைப் பார்த்தபடி மாடிப்படியில் தொடங்கி, பதவி, இடைவேளை, இரண்டு மணி என்று எல்லாவற்றையும் கொட்டினான்.

முதலில் பேசியவள் அம்மா.

"தோள் வலிக்குக் கூட்டிட்டுப் போனியே, அந்தப் பொண்ணுதானே?"

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"வலி மூணாவது தடவையே போயிருச்சு. பதினோரு தடவை கூட்டிட்டுப் போனே. நானும் பாவமேன்னு வலிக்குது வலிக்குதுன்னேன்."

அக்கா பெர்த்திலிருந்து இறங்கினாள். இன்று கடையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம். அந்த நகப்பாலிஷ்காரி அவளை என்ன கோலம் செய்கிறாளோ என்று அக்கா காலையிலிருந்தே தவித்துக்கொண்டிருந்தாள். இருந்தும், "என் நேரத்தை எடுத்துக்கோடா. ஒரு கல்யாணம் கெட்டாலும் இன்னொண்ணு நடக்கட்டும்" என்றாள்.

"நாலாவது விதி" என்றார் டைம்கீப்பர்.

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் இரும்புக் கதவே இளகியிருக்கும். விதியைக் கிழித்துக் கடலில் போடச் சொன்னாள். அவர் பிடி கொடுக்கவில்லை. ஒருத்தருக்கு மாற்றினால் நாளைக்கு எல்லோருக்கும் மாற்ற வேண்டும், அப்புறம் அந்தப் பதினேழு தடவைதான் என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு வெகுநேரம் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிப்போ மேனேஜரே அதைப் பார்த்துத்தான் தன்னுடையதைத் திருத்திக்கொள்வாராம்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"கேப்டன் அவர் கடிகாரத்தை எப்படி வேணா திருப்பிக்கட்டும். அது அவர் கப்பல். இந்த அட்டவணை என் வாட்ச்சைப் பாத்துப் போட்டது. என் வாட்ச்ல ரெண்டு மணி வரும். வந்தா உன் முறை."

அக்கா அவர் கையைப் பிடித்து, வாட்ச் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள்.

கப்பலின் கடிகாரங்களெல்லாம் மூன்று அடித்தபோது டைம்கீப்பரின் கையில் இரண்டு மணி. சின்னவன் கையெழுத்துப் போட்டு உள்ளே நுழைந்தான். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. நாலு நிமிடம் ஒன்றுமில்லை. கேபினை விட்டு வெளியே போகிறோம் என்று சொன்ன மூன்று பேரும் அதைச் சொன்ன இடத்திலேயே நின்றிருந்தார்கள். ஐந்தாவது நிமிடம் போன் அதிர்ந்தது. திரையில் அவள் முகம் வந்தது, கட்டம் கட்டமாக உறைந்தது, மறுபடி அசைந்தது.

"கேக்குதா? எனக்கு நேரமில்லை. போகட்டுமா, வேண்டாமா?"

மூன்று நாளாக ஒத்திகை பார்த்ததெல்லாம் அவனுக்கு மறந்துபோனது.

"போங்க. நானும் வர்றேன். லென்ஸை எங்க வேணா வெட்டலாம். கண்ணு தெரியாதவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க."

திரை உறைந்தது. அவள் வாய் பாதி திறந்தபடி நின்றது. டைம்கீப்பர் வாட்ச்சைப் பார்த்தார். படம் திரும்ப வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சரின்னு சொல்லிடறேன்."

"வேலைக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும். பின்னாடி யாரு, மூணு தலை தெரியுது?"

அம்மா முன்னால் வந்து, தோள் இப்போது தேவலை என்றாள். மூன்றாவது தடவையே தேவலையாகிவிட்டது தனக்கும் தெரியும் என்றாள் திரையில் இருந்தவள்.

மறுநாள் காலை உணவுக்கூடம் ஒன்பதரைக்கு மூடியது. டைம்கீப்பர் தன் வாட்ச்சில் சரியாக ஒன்பதுக்கு, அதாவது கப்பலின் பத்து மணிக்கு, சீவிய தலையோடு அங்கே வந்து நின்றார். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. வாட்ச்சைத் திருத்தினால் அட்டவணை பொய்யாகிவிடும். நேற்று சொன்ன தீர்ப்பும் பொய்யாகிவிடும். அப்படியே நின்றார்.

தூண் ஓரத்து மேசையில் நாப்கின் மூடிய ஒரு தட்டோடு சின்னவன் உட்கார்ந்திருந்தான்.

"முட்டை ஆறிப்போச்சு மாமா. பயணம் முடியற வரைக்கும் தினமும் எடுத்து வைக்கிறேன்."

டைம்கீப்பர் உட்கார்ந்தார். நாப்கினை நாலாக மடித்து வைத்தார். மணி பார்த்தார்.

"ஆறட்டும்" என்றார். "நேரத்துக்கு வந்திருக்கு, அது போதும்."